சம்பளக்காரரின் ராஜினாமா

லீவு கேட்டுத் தானே கடிதம் எழுதி, அதைத் தானே வாங்கிப் படித்து, 'முடியாது' என்று தானே கையெழுத்துப் போட்டு, அந்த வருத்தத்தில் மத்தியானச் சாப்பாட்டையும் வேண்டாமென்று சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் வீட்டு மாடியில் ஆறு வருஷம் குடியிருந்ததை என் வாழ்க்கையின் பெரும்பேறாகக் கருதுகிறேன். வேறு பேறு எதுவும் இதுவரை வந்து சேராததும் ஒரு காரணம்.

கோச்சடையில் எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் சம்பளக்காரர். அரசாங்க உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.சி. மெக்கானிக், சொந்தத் தொழில். தெருப் பக்கம் ஷட்டர் போட்ட அறை கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தத் தொழிலில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் பணம் கொட்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் போன்கூட அடிக்காது. வைகையில் தண்ணீர் வருகிறதென்று ஊரே பாலத்தில் நின்று படம் எடுக்கும்போது, இவர் மட்டும் எழவு வீட்டுத் துட்டிக்கு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்து, "போன வாரந்தான வந்துட்டுப் போன, அதுக்குள்ள என்ன?" என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

ஆரம்பத்தில் அவரும் எல்லாரையும் போலத்தான் இருந்திருக்கிறார். கோடையில் வந்த பணத்தை அவரும் அவர் மனைவி பேச்சியக்காவும் வந்த சூட்டோடு செலவழித்தார்கள். சுவரை மறைக்கும் டி.வி. வாங்கினார்கள். வாசலில் நுழையாத ஒரு சோபாவும் வாங்கி, வாசல் நிலையைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோனார்கள். மழைக்காலம் வந்ததும் அரிசி வாங்க மகளிர் குழுவில் கடன். குழுத் தவணை கட்டக் கைமாத்து. கைமாத்து கொடுத்தவர் அந்தப் புது சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்ததால், பேச்சியக்காவின் ஆறு பவுன் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு வீடு திரும்பிய அன்று அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "மாசச் சம்பளக்காரனுக்கு வாக்கப்பட்டிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்காது."

வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போயிருப்பார். இவர் ராத்திரி முழுக்க யோசித்தார். மறுநாள் காலை தன் கடையில் தானே மாசச் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் இரண்டு ஆள். வெள்ளைச் சட்டை போட்டால் முதலாளி, நீலச் சட்டை போட்டால் தொழிலாளி. தொழிலில் வருவதெல்லாம் முதலாளிக்கு. ஒன்றாம் தேதி காலையில் முதலாளி சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பதினெட்டாயிரம் எண்ணி மேஜையில் வைப்பார். பிறகு எழுந்து, சட்டையை மாற்றி, மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொள்வார். அதிலும் பி.எஃப். என்று ஐநூறு பிடித்தம். சித்திரையோ கார்த்திகையோ, சம்பளம் அதேதான். வீடு அதற்குள் ஓட வேண்டும்.

கம்பெனியின் கஜானா, யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்க வராத ஒரு செத்துப்போன ஃப்ரிட்ஜ். அதன் தட்டுகளில் 'ஐப்பசிச் சம்பளம்', 'கார்த்திகைச் சம்பளம்', 'மார்கழிச் சம்பளம்' என்று எழுதிய கவர்கள். காய்கறிப் பெட்டியில் குழுத் தவணைக் கவர். முட்டை வைக்கும் குழிகளில் சில்லறை. சங்கிலியை மீட்கச் சேர்க்கும் பணம் மட்டும் ஃப்ரீசரில். அதற்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று கேட்டேன்.

"வெளிய வச்சா உருகிரும் தம்பி" என்றார்.

மாதம் இருபதாம் தேதிக்கு மேல் கேஸ் தீர்ந்தால் பேச்சியக்கா அவரிடம் பணம் கேட்பார். அவர் உடனே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி நடுக்கதவைத் திறந்து கடைக்குள் போவார். பத்து நிமிஷம் கழித்துத் தொங்கிய முகத்தோடு திரும்பி வருவார்.

"என்ன சொன்னாரு?"

"சம்பளத் தேதி தெரியாதாங்குறாரு."

அதன் பிறகு அக்கா அந்த முதலாளியைத் திட்டுவதைக் கேட்க வேண்டும். கட்டையில போறவன், ஊரான் உழைப்பில் தின்கிறவன், அவன் ஏ.சி. ஓடாது, அவன் குடும்பம் விளங்காது. இவர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டே, "கல்நெஞ்சுக்காரன் பேச்சி" என்று இரண்டு வார்த்தை சேர்த்தும் கொடுப்பார். திட்டித் தீர்த்துவிட்டு இருவரும் விறகு பொறுக்கி, கொல்லையில் வெந்நீர் போட்டுக் குளிப்பார்கள்.

அக்காவுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாதா? ரேஷன் கார்டில் ஒரு பெயர்தானே இருக்கிறது. எனக்குப் புரிந்த கணக்கு இதுதான். புருஷனைத் திட்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது. முதலாளியைத் திட்டினால் பசி எடுக்கும். அந்த வீட்டில் நான்கு வருஷம் சண்டையே நடக்கவில்லை. மாடியில் இருந்த எனக்குத்தான் பொழுது போகவில்லை.

ஒரு சித்திரையில் கடை வாசலில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம் நின்றது. இரண்டு வாரத்தில் அறுபதாயிரம் வந்துவிட்டது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மாடிக்கு வந்தார். படித்த பிள்ளை நீங்கள்தான், நீங்கள்தான் யூனியன் தலைவர், சம்பள உயர்வு பேசிவிட்டு வாருங்கள் என்றார். நானும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

முதலாளி என்னை உட்காரச் சொன்னார். எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். ஐப்பசிக் கவர் காலியாக இருந்தது. கார்த்திகையும் காலி. "இப்ப வர்றது இம்புட்டும் மழைக்காலத்துச் சோறு தம்பி. நீங்களே ஒரு கவரை எடுத்துக்கங்க. அந்த மாசம் யாரு பட்டினின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். நான் டீ குடித்துவிட்டு முதலாளித்துவத்தின் பக்கம் சாய்ந்து திரும்பினேன். "டீயிலேயே விலை போயிட்டீகளாக்கும்" என்று அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் கடன்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சின்னதை முதலில் அடிப்பது கம்பெனிக் கொள்கை. கைமாத்து போனது, டி.வி. தவணை போனது, குழுக் கடன் போனது. சங்கிலி ஒன்றுதான் பாக்கி. வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டித் தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். தை மாதம் மீட்பதாக ஏற்பாடு. தையில்தான் வாடிப்பட்டியில் அக்காவின் ஒரே தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மிச்ச இரண்டு முடிச்சையும் நாத்தனார்தான் போட வேண்டும். ஊரும் உறவும் பார்க்க, வீடியோ வெளிச்சத்தில், பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் குனிந்து நிற்க வேண்டிய நாத்தனார் பேச்சியக்கா. மஞ்சள் கயிற்றோடு மேடை ஏற மாட்டேன் என்று அக்கா ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் வாடிப்பட்டியிலிருந்து போன் வந்தது. பெண்ணின் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. தை வரைக்கும் தாங்காது, கார்த்திகையிலேயே முடித்துவிடலாம் என்றார்கள். இன்னும் பன்னிரண்டு நாள். வெளியே மழை கொட்டுகிறது. ஃப்ரீசரை எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டாயிரம் குறைகிறது. நான் உதவியிருப்பேன். ஒரு பத்திரிகையிலிருந்து எனக்கு வர வேண்டிய பணம் எட்டு மாதமாக வந்துகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அக்காவும் நடுக்கதவில் காதை வைத்தோம். உள்ளே இரண்டு பேர் பேசினார்கள்.

"நாலு வருசமா லீவு போடாம ஒழைச்சிருக்கேன் முதலாளி."

"சம்பளம் வாங்குனீருல்ல?"

"மார்கழிக் கவரைக் குடுங்க. நான் எப்படியும் சமாளிச்சுக்கிறேன்."

"மார்கழிச் சோத்தக் கார்த்திகையில தின்னா, மார்கழியில அந்தச் சங்கிலி திரும்பவும் அடகுக் கடைக்குத்தான் போகும்."

"அப்ப எம் பொண்டாட்டி மஞ்சக் கயித்தோட மேடையில நிக்கணுமா?"

உள்ளே சுழல் நாற்காலி கிரீச்சிட்டது. அக்கா அதுவரைக்கும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கதவு திறந்தது. நீலச் சட்டையோடு வெளியே வந்தவர் கையில் ஒரு காகிதம். "வேலைய விட்டுட்டேன்" என்றார்.

அக்கா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "கிறுக்கு முத்திருச்சா? இந்த மழைக்காலத்துல வேலைய விட்டுட்டு எங்க போவீக?"

"வேலைய விட்டாத்தான் பி.எஃப். பணம் குடுப்பான். மாசம் ஐநூறு, நாலு வருசம். நீயே கணக்குப் போடு."

அக்கா விரல் விட்டு எண்ணினார். இருபத்துநாலாயிரம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரஸர் இருந்த இடத்தில் ஒரு துணிப்பையில் அது இருந்திருக்கிறது. முதலாளி எந்த அவசரத்துக்கும் அதைத் தொட்டதில்லை. கடைக் கரண்டு பில்லுக்கு இடித்தபோதும் தொடவில்லை. தொழிலாளி காசில் கைவைப்பது பாவம் என்று நினைத்தாராம்.

மறுநாள் காலை அவர் அதே வேலைக்கு மனுப் போட்டார். யூனியன் சார்பில் நான் நேர்காணலில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி மனுவை இரண்டு தரம் படித்தார். பழைய இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விலகிய ஆள் என்பதால் யோசிப்பதாகச் சொன்னார். கடைசியில் புது ஆளுக்குரிய பதினேழாயிரத்தில் நியமித்தார். ஆயிரம் ரூபாய் குறைந்த செய்தி தெரிந்ததும் அக்கா நேராக மாடிக்கு வந்து என்னைக் கேட்டார். "யூனியன் அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப்போனார்கள். கெட்டிமேளம் அடித்தது. அக்கா குனிந்து அந்த இரண்டு முடிச்சையும் போட்டார். ஆறு பவுன் சங்கிலி முன்னால் சரிந்து விழுந்து ஆடியது. மடியில் தாம்பூலப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பளக்காரர், கடைசி முடிச்சு விழுந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசையில் அக்காவும் அவருடைய சின்னம்மாவும். சின்னம்மா சங்கிலியைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, ஒன் வீட்டுக்காரரு இப்ப எங்கடி வேலை பாக்குறாரு என்று கேட்டார். நான் கடித்த வடையை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"ஒரு கம்பெனியில சின்னம்மா. மாசச் சம்பளம்" என்றார் அக்கா.

"முதலாளி எப்படி?"

நான்கு வருஷமாக அந்த முதலாளியை மண் வாரித் தூற்றிய பேச்சியக்கா, எதிர் இலையில் தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அம்புட்டுக் கஞ்சன்" என்றார். "ஆனா தங்கமான மனுசன் சின்னம்மா. எங்களக் கைவிட மாட்டாரு."

அவர் நிமிரவில்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாயசம் வந்து, மோர் வந்து, இலையை எடுக்கிறவர்கள் வந்து நின்ற பிறகும் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் இப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வீடு மாறி வந்துவிட்டேன். எழுதிப் பிழைக்கிற எனக்கும் எத்தனையோ முதலாளிகள் வந்து போய்விட்டார்கள். அவரைப் போல ஒருவர் எனக்கு வாய்க்கவில்லை.