அதை மட்டும் சாப்பிடக் கூடாது

கூடாதார் என்றொரு இனம் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே நாலு பேராவது இருப்பார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அரை மணி நேரத்தில் வந்து சேருவார்கள். புற்றுநோய் என்றால் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். சர்க்கரை கூடாது, பால் கூடாது, கறி கூடாது, கத்தரிக்காய் கூடவே கூடாது. ஏன் கூடாது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். செல்போனை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். அந்த வீடியோ இருபத்திரண்டு நிமிடம் ஓடும்.

உப்பளம் பகுதியில் இயற்கை மருத்துவம் பார்க்கும் கனீஸ் பாத்திமாவுக்கு இந்த இனம் அத்துப்படி. முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவரிடம் அனுப்புவார்கள். வாய்ப்புண்ணோடு எப்படிச் சாப்பிடுவது, குமட்டலை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார். நோயை விரட்டுவது அவர்கள் வேலை, அதுவரை ஆளைத் தெம்பாக வைத்திருப்பது என் வேலை என்பார். கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். இயற்கை வைத்தியர் என்றால் பத்தியம் வைக்க வேண்டாமா? வாயைக் கட்டாத வைத்தியமும் ஒரு வைத்தியமா?

கோவிந்தராசு மனைவியோடு வந்த அன்று கூடவே ஒரு கூடாதாரும் வந்தார். கோவிந்தராசு, மில் மூடும்வரை தறி ஓட்டியவர். இப்போது நுரையீரலில் கட்டி. கூடவந்த கூடாதார், கோவிந்தராசுவின் மனைவி சந்திரகலாவின் தம்பி தமிழ்மாறன். மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனி சூப்பர்வைசர். இரண்டு கீமோவுக்குள் கோவிந்தராசு ஏழு கிலோ இறங்கி நாற்பத்தெட்டில் நின்றார். இன்னும் ஒரு கிலோ இறங்கினால் மூன்றாவது கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

“என்ன சாப்புடுறாரு?” என்று கேட்டார் கனீஸ்.

தமிழ்மாறன் ஒரு நோட்டை நீட்டினார். பார்க்க வந்தவர்கள் சொன்ன அத்தனை கூடாதுகளையும் தேதி போட்டு, சொன்னவர் பேரோடு எழுதி, அடிக்கோடு இட்டிருந்தார். எதிர்வீட்டு அமிர்தவல்லி தக்காளியை நிறுத்தியிருந்தார். தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் அம்மாவாசை, தன் பிழைப்பையும் பார்க்காமல், மீனையே நிறுத்தியிருந்தார். கனீஸ் பக்கம் பக்கமாகப் புரட்டி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார். மிஞ்சியது சுரைக்காய்.

“மூணு வேளையும் அதாம்மா,” என்றார் சந்திரகலா. அழுது முடித்தவரின் குரல்.

“உங்களுக்கு எது சாப்புடணும்னு இருக்குதுண்ணே?”

கோவிந்தராசு முதலில் மச்சானைப் பார்த்தார். “சங்கரா மீன் கொழம்பு. ஒரு முட்ட.”

“மீன் சூடு மாமா,” என்றார் தமிழ்மாறன்.

“ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன், தடையே இல்ல. நல்லா வெந்திருந்தாப் போதும்,” என்றார் கனீஸ்.

“அப்ப பத்தியம் மேடம்?”

“ஒண்ணும் கெடையாது.”

தமிழ்மாறன் நோட்டை மூடினார். “வேற எடம் பாக்கலாம்க்கா. ஊருக்கு வெளிய ஒருத்தர் வேப்பிலைச் சாறு மட்டும் குடுக்குறாராம். கீமோவே வேணாங்கிறாராம்.”

கனீஸுக்குக் கோபம் வந்தது. கெட்டவராக இருந்தால் வெளியே போங்கள் என்று சொல்லிவிடலாம். இந்த மனிதரோ மாமா பிழைக்க வேண்டுமென்று மாதம் முழுக்க லீவு போட்டுவிட்டு நிற்கிறார். இப்படிப்பட்ட அன்பை என்ன செய்வது?

“நோட்டத் தொறங்க,” என்றார் குரலைக் கனமாக்கிக்கொண்டு. “பத்தியம் இருக்குது. ரொம்பக் கடும். உங்களால காவல் காக்க முடியுமான்னுதான் யோசிச்சேன்.”

தமிழ்மாறன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு மணி நேரத்துக்கு மேல வயிறு காலியா இருக்கக் கூடாது. முட்ட இல்லாம காலையில பத்து மணியத் தாண்டக் கூடாது. மீனோ கறியோ பருப்போ இல்லாம சோத்துல கை வைக்கக் கூடாது. பச்சைச் சாறு எதுவும் கூடாது. கீமோ தேதி தவறக் கூடாது. பாக்க வர்றவங்க சாப்பாட்டப் பத்தி வாயே தொறக்கக் கூடாது.”

ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு விழுந்தது. கடைசிக் கூடாதுக்கு இரண்டு. “இதாங்க்கா வைத்தியம்,” என்றார் தமிழ்மாறன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சந்திரகலா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் தமிழ்மாறனின் செல்போனில் அலாரம் அலறும். கோவிந்தராசு போதும் என்று கையால் மறித்தால், “பத்தியம் மாமா, முறிக்கக் கூடாது” என்று இன்னொரு துண்டு மீன் விழும். அமிர்தவல்லி தக்காளி என்று ஆரம்பித்ததுமே வாசல்வரை வழியனுப்பிவைக்கப்பட்டார். மீனை நிறுத்திய அம்மாவாசையே ஒருநாள் விட்டு ஒருநாள் சங்கராவோடு வந்து, வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

கீமோ அன்று காலை எடை நாற்பத்தெட்டு கிலோ எண்ணூறு. தேதி தள்ளிப்போகவில்லை. சந்திரகலா போன் பண்ணிச் சொன்னபோது கனீஸ் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவு சந்தோஷம். பின்னாலிருந்து தமிழ்மாறன் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருக்கோ விளக்குவது போனில் கேட்டது. “எல்லாம் பத்தியந்தாங்க. வாயக் கட்டுனோம், எட ஏறிடுச்சு.”

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மீன் குழம்பு என்று வந்த இடத்தில், ‘எல்லாம் சரி, ஆனாலும் மீன் கொஞ்சம் சூடுதானே’ என்று உங்களுக்கு நாக்கு நுனிவரை வந்ததா, இல்லையா? வந்ததென்றால், அடுத்த முறை யாரையாவது பார்க்கப் போகும்போது, கொண்டுபோன சாத்துக்குடியில் ஒன்றை உரித்து முதலில் உங்கள் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அது தீரும்வரை பேசக் கூடாது.