பரிவு: ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது

எங்கள் நகரக் காவல் நிலையத்தில் பரிவு பற்றாக்குறை நிலவுவதாக மேலிடத்துக்குத் தெரியவந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் புகார் கொடுக்க வந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்பே "என்ன டிரெஸ் போட்டிருந்தே?" என்று கேட்கிறோமாம். மேலிடம் தீர யோசித்தது. ஒரு பொருள் குறைவாக இருந்தால் முதலில் அதை அளந்து பார்க்க வேண்டும். ஆகவே, பரிவை அளக்கும்படி மூன்று பிரதிகளில் உத்தரவு வந்தது.

நான் அங்கே பதினாறு வருடமாகத் தட்டச்சர். பெயர் அரமிந்தா. நிலையத்தில் எல்லோருக்கும் மிந்தா அக்கா. பிலிப்பைன்ஸில், பனாய் தீவின் இந்த மூலையில் நடக்கிற எல்லாக் கெட்ட காரியங்களும் என் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயிருக்கின்றன. அதனால் சொல்கிறேன், உத்தரவில் தப்பு ஒன்றுமில்லை. நாங்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அளப்பதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து உளவியல் பேராசிரியை டாக்டர் பெலிசிட்டாஸ் வந்தார். நல்ல மனுஷி. முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாளை ஆளுக்கொன்று கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொன்னார்.

பெண்களின் புகார்களை வாங்கும் மகளிர் மேசையின் பொறுப்பாளர் சார்ஜென்ட் அடோரா முதல் கேள்வியிலேயே கை தூக்கினாள்.

"மேடம், 'பாதிக்கப்பட்டவரின் இடத்தில் என்னை வைத்துக் கற்பனை செய்கிறேன்'னு போட்டிருக்கு. இதை டூட்டி நேரத்துல செய்யணுமா, வீட்டுக்குப் போயா?"

"எப்ப வேணாலும் செய்யலாம் சார்ஜென்ட்."

"வீட்டுல செஞ்சா ஓவர்டைம் உண்டா?"

நிலையத்தின் சராசரிப் பரிவு ஒன்று புள்ளி ஒன்பது என்று தெரிந்தது. பக்கத்து நகரத்துக்கு இரண்டு புள்ளி நான்கு. எங்கள் தலைமை அதிகாரி மேஜர் பான்தாலியோனுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. கூடைப்பந்தில் அவர்களிடம் தோற்றதே ஆறாத நிலையில் இது வேறு.

"மிந்தா, எந்தக் கேள்விக்கு எந்த நம்பர் போடணும்னு டைப் பண்ணிக் கொடுத்துடு," என்றார். "எல்லாரும் மனப்பாடம் பண்ணணும். ஒரு வாரம் டைம்."

அடுத்த முறை சராசரி நான்கு புள்ளி ஒன்பது. துப்புரவுத் தொழிலாளியும் விவரம் தெரியாமல் ஒரு தாளை நிரப்பிவிட்டார். அவருடையது மட்டும்தான் மூன்று. வாசலில் மேஜரின் சிரித்த முகத்தோடு பெரிய பேனர் ஏறியது: 'பரிவில் முதலிடம்.'

டாக்டர் பெலிசிட்டாஸ் பேனரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து, தாளில் இருக்கும் பரிவு நடத்தையிலும் இருக்கிறதா என்று அறிவது ஆய்வின் இரண்டாம் கட்டம் என்றார். அடுத்த ஆறு மாதத்தில் பல்கலைக்கழக நாடகக் குழுப் பெண்கள் புகார்தாரர்களைப் போல வருவார்கள். எப்போது, யார் என்று சொல்லமாட்டார். நாற்காலி கொடுத்தார்களா, தனி அறையில் பேசினார்களா, உடையைப் பற்றிக் கேட்காமல் இருந்தார்களா, அன்றே வாக்குமூலம் எழுதினார்களா, அன்றே நடவடிக்கை எடுத்தார்களா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

அவர் போனதும் மேஜர் எல்லோரையும் கூட்டினார். "இனிமே இந்த வாசல்ல காலெடுத்து வைக்கிற ஒவ்வொரு பொம்பளையும் நாடகக்காரி. புரிஞ்சுதா?"

அன்றிலிருந்து எங்கள் நிலையம் மாறியது. ஓரமாக ஒரு அறையை ஒழித்துத் திரை கட்டினோம். மெத்தை வைத்த நாற்காலி வந்தது. மின்விசிறி மேஜரின் அறையிலிருந்து இடம்பெயர்ந்தது. இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி சுடச்சுடத் தயாராக இருந்தது.

பன்றியைத் தொலைத்துவிட்டு ஒரு அம்மாள் வந்தாள். அடோரா அவள் கையை மென்மையாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றதை நாங்க நம்புறோம்மா. இது உங்க தப்பில்ல."

"என் தப்புன்னு யாரு சொன்னா? கயிறு அறுந்துபோச்சு."

"அவசரமே இல்ல. உங்களுக்கு எப்பச் சொல்லத் தோணுதோ அப்பச் சொல்லுங்க."

"அடியே, அதுக்குள்ள எவனாவது வெட்டி வறுத்துடுவான்டி!"

நல்ல நடிப்பு என்று அடோரா என் காதில் சொன்னாள். பன்றியை நாலு போலீசார் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹெர்மிலின் வந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கும். சந்தைத் தெரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். தலைமுடியில்கூட மாவு ஒட்டியிருந்தது. கடை முதலாளி கான்ராடோ மாவு அறைக் கதவைத் தாழிட்டுத் தன்னை என்ன செய்தான் என்பதை, மளிகைச் சாமான் பட்டியல் ஒப்பிப்பதுபோல ஒரே குரலில் சொன்னாள். அழவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், குடிக்கவில்லை.

அடோரா திரைக்கு வெளியே வந்தாள். "மாவெல்லாம் பூசிக்கிட்டு வேஷம் பிரமாதம். ஆனா நடிப்பு வரல அக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இதுக்கு முன்னாடி வந்த நாடகக்காரிங்கல்லாம் என்னமா அழுதாங்க!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் மதிப்பெண் மதிப்பெண்தானே. ஒரு வேண்டாத கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். அடோராவே உடன் போய் மருத்துவப் பரிசோதனை முடித்து, சான்றிதழோடு திரும்பினாள். மணி பதினொன்றுக்குள் இரண்டு போலீசாரோடு ரொட்டிக் கடைக்குப் போய்விட்டாள்.

கான்ராடோ நகரமன்ற உறுப்பினரின் தம்பி. கல்லாவில் உட்கார்ந்தபடியே கத்தினான். "நான் யார் தெரியுமா உனக்கு? ஒரு போன் போட்டா உன் தொப்பி பறந்துடும்!"

"ரொம்ப இயல்பா இருக்கு சார்," என்றாள் அடோரா பாராட்டாக. "உங்களுக்கும் பல்கலைக்கழகத்துலதான் பயிற்சியா?" விலங்கு மாட்டி அழைத்துவந்தாள். மதியத்துக்குள் காகிதங்கள் அரசு வழக்கறிஞருக்குப் போய்விட்டன. பதினாறு வருடத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் நான் அனுப்பிய முதல் கோப்பு அது.

மேஜர் உற்சாகமாக டாக்டர் பெலிசிட்டாஸுக்குப் போன் போட்டார். "மேடம், இன்னிக்கு வந்த பொண்ணு விஷயத்துல எங்களுக்கு எவ்வளவு மார்க்?"

பதிலைக் கேட்ட பிறகு அவர் முகம் கஞ்சி நிறத்துக்கு வந்தது. இந்த வாரம் பல்கலைக்கழகத்தில் தேர்வு. யாரையும் அனுப்பவில்லை.

"அடோரா! அது நிஜப் பொண்ணு!"

"சார்?"

"நிஜம்! நிஜமாவே நடந்திருக்கு! நிஜமா நடந்தவளை ஏன் இப்படி மரியாதையா நடத்தினே?"

அடோரா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன்." சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது போலிருக்கிறது.

நகரமன்ற உறுப்பினரிடமிருந்து ஒன்பது போன் வந்தது. ஆனால் கோப்பில் ஓட்டை ஒன்றும் கிடைக்கவில்லை. உடை பற்றிக் கேள்வி இல்லை, தாமதம் இல்லை, மிரட்டல் இல்லை. இவ்வளவு சுத்தமான கோப்பைக் கெடுத்து எங்கள் நிலையத்தில் யாருக்கும் பழக்கம் இல்லை. கான்ராடோ உள்ளேயே இருந்தான். 'உண்மையான புகார்தாரரை உண்மையற்ற புகார்தாரருக்கு இணையாக நடத்தியது ஏன்' என்று விளக்கம் கேட்டு அடோராவுக்கு ஒரு குறிப்பாணை போனது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

டாக்டர் பெலிசிட்டாஸ் நேரில் வந்தார். கோப்பைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நல்லா ஒரு பொண்ணை நடத்தினதை நான் எங்கேயும் பார்த்ததில்ல. ஆனா ஆய்வுல சேர்க்க முடியாது."

"ஏன் மேடம்?"

"நிஜமா பாதிக்கப்பட்டவங்க எங்க ஆய்வு சாம்பிள்ல இல்ல மிந்தா. முறையியல் இடிக்குது."

இம்மாதிரிக் குழப்பம் மீண்டும் நேராமல் இருக்க, மேஜர் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார். இனி ஆய்வுக்காக வரும் பெண்கள் கழுத்தில் மஞ்சள் அட்டை அணிந்து வரவேண்டும். சராசரி நான்கு புள்ளி ஒன்பதிலேயே நின்றது. அட்டை இல்லாதவர்களுக்கு வராந்தாவில் பழைய மர பெஞ்சு திரும்ப வந்தது. நாங்கள் எல்லோரும் அவரவர் பழைய கேள்விகளுக்குத் திரும்பினோம். அடோரா மட்டும் மகளிர் மேசை வேண்டாம் என்று போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றல் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஏழு வாரம் கழித்து ஹெர்மிலின் வாக்குமூலத்தின் நகல் வாங்க வந்தாள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணெதிரே மஞ்சள் அட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். புதிதாகப் பொறுப்பேற்ற சார்ஜென்ட் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி, மின்விசிறி, கஞ்சி. திரைக்குப் பின்னாலிருந்து "இது உங்க தப்பில்லம்மா" என்று கேட்டது.

கடைசியில் ஹெர்மிலின் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க எல்லாரும் என்னை நம்பினீங்க. அதனாலதான் கோர்ட்டுல நிக்கத் தைரியம் வந்துச்சு."

அவளுடைய நகலைத் தேடி எடுத்தேன். இவ்வளவு நேரம் மேஜரையும் அடோராவையும் பேராசிரியையையும் பற்றி உங்களிடம் சிரித்துக்கொண்டிருந்தேனே, அதே நான்தான். நகலில் முத்திரை குத்திக் கொடுத்தேன். பதினாறு வருட வாய், தானாகத் திறந்தது.

"நல்லா இரும்மா. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மத்த வேலைக்காரங்க எல்லாம் போனப்புறம் அந்த அறையில நீ மட்டும் ஏன்மா தனியா இருந்தே?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். திரையிட்ட அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த மஞ்சள் அட்டை எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.