மேனேஜருக்கு மருந்து எந்த வடிவில்?

மனித குலத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு கூட்டம் போடுவதுதான் என்பது என் பணிவான, ஆனால் மாற்ற முடியாத கருத்து. நெருப்பைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் கையைச் சுட்டுக்கொண்டிருப்பான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் காலில் ஏற்றிக்கொண்டிருப்பான். கூட்டத்தைக் கண்டுபிடித்தவனுக்கு மட்டும் ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை.

இந்த உயர்ந்த மார்க்கத்திலிருந்து ஒரே ஒரு முறை வழுவினேன். யாரையும் கலந்தாலோசிக்காமல், எங்கள் பூனையின் மாத்திரையை நசுக்கி அதன் சாப்பாட்டில் கலந்துவிட்டேன்.

பூனையின் பெயர் மேனேஜர். நாள் முழுக்க நாற்காலியில் தூங்குவார், எழுப்பினால் முறைப்பார் என்பதால் மகள் வைத்த பெயர். மேனேஜருக்குக் குடலில் அழற்சி. சாப்பிட்டது தங்குவதில்லை. டாக்டரம்மா இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். அந்தக் குடலுக்கு ஒத்துக்கொள்ளும் ஒரே ஒரு டப்பா உணவைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டக் கூடாது. அழற்சியைத் தணித்து, பசியையும் கிளப்பிவிடும் மாத்திரை தினமும் உள்ளே போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் வேலை மிச்சமே என்று எனக்குத் தோன்றியது. அந்த மாத்திரை அப்படியொரு கசப்பு என்பது எனக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் தெரிவிக்கப்படவில்லை.

மேனேஜர் ஒரு வாய் வைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணத்தை வைத்தவனைப் பார்த்தார். பிறகு, மணலில் காரியம் முடித்துவிட்டு மூடுவதுபோல, கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிராண்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒன்றும் கலக்காத சாப்பாட்டையும் சந்தேகப்பட்டு, பாதியில் எழுந்துவிடுகிறார். அவர் சாப்பிடக்கூடிய ஒரே உணவையும் நான் கெடுத்துவிட்டேன்.

தனி மனிதன் முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அலுவலகத்தில் என் பதவி 'ஒருங்கிணைப்பாளர்'. எதையாவது முடிவு செய்ய வேண்டிய ஆபத்து வந்தால், அதற்கு ஒரு குழு அமைத்து ஆபத்தை நீக்குவது என் பொறுப்பு. புது நாற்காலி வாங்க நான் அமைத்த குழு எங்கள் நிறுவனத்தின் பெருமை. கை வைத்ததா, கை வைக்காததா என்று அது இன்றைக்கும் ஆழ்ந்து ஆலோசித்துவருகிறது, நின்றபடியே. இத்தனை வருஷத்தில் அங்கே என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முடிவெடுத்தவனைத்தானே திட்ட முடியும்?

ஆகவே வீட்டிலும் 'மருந்து வடிவத் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள்: என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், எங்களோடு தங்கியிருக்கும் மச்சினன். மச்சினன் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். எந்த வியாதிக்கும் ஒரு வீடியோ பார்த்திருப்பான்.

சாப்பாட்டு மேசையில் கூட்டத்தைத் தொடங்கிவைத்தேன். "நம்ம முன்னாடி நாலு வடிவங்கள் இருக்கு. மாத்திரை, சிரப், காதுல தடவுற ஜெல், ஊசி. ஒவ்வொண்ணுக்கும் சாதகம், பாதகம்..."

"யாரு பிடிக்கிறது?" என்றாள் மனைவி.

"எத?"

"பூனைய. எந்த மருந்தா இருந்தாலும் ஒருத்தர் அதப் பிடிச்சாகணும்ல?"

"அது நடைமுறை. முதல்ல கொள்கை முடிவு."

"அது உங்க மடியில மட்டும்தானேப்பா ஏறும்" என்றாள் மகள். "நாங்க பிடிச்சா கிழிச்சிடும். நீங்கதான் பிடிக்கணும்."

"அதனாலதாம்மா நான் பிடிக்கக் கூடாது. நம்பிக்கைங்கறது ஒரு நிறுவனத்தோட சொத்து."

"இது நிறுவனமில்லங்க, வீடு" என்று சொல்லிவிட்டு மனைவி பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள். அவளுடைய கருத்தைச் சிறுபான்மைக் கருத்தாக ஏற்றுக்கொண்டோம்.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மாலையில் நான் வந்து சோபாவில் சாய்ந்ததும் மேனேஜர் எங்கிருந்தாலும் எழுந்து வந்து என் மடியில் ஏறி, தொப்பையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். இதற்கு எந்தக் குழுவும் ஒப்புதல் அளிக்கவில்லை. அதுவாக நடக்கிறது. வாயைப் பிளந்து கசப்பைப் போடுகிறவனின் மடிக்கு யார் வருவார்கள்?

முதலில் சிரப் ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது. மீன் சுவையுடையது என்று புட்டியே உறுதியளித்திருந்தது. மகள் துண்டில் சுற்றிப் பிடிக்க, மச்சினன் பீச்சினான். என் உருவம் மேனேஜர் மனதில் களங்கப்படக் கூடாதென்பதற்காக, நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்வையாளராகக் கலந்துகொண்டேன். மேனேஜர் வாயில் நுரை பொங்கியது. தலையை ஒரே ஒரு உதறு உதறினார். சுவர், கடிகாரம், மகளின் கண்ணாடி, மச்சினனின் தாடி என்று அனைத்துத் தரப்பினருக்கும் மருந்து பாரபட்சமின்றிப் பங்கிடப்பட்டது.

"மீன் சுவையாம்" என்று உதட்டைத் துடைத்தான் மச்சினன். "மாமா, எந்த மீனும் இப்படிக் கசக்காது."

அடுத்து ஜெல். இதை முன்மொழிந்தவனும் அவனே. "உலகமே ஜெல்லுக்கு மாறிடுச்சு மாமா. சண்டையே இல்ல. காதுல தடவுனா நேரா ரத்தத்துல கலந்துடும்."

"டாக்டர் அத அவ்வளவா நம்பலயே. தோல் வழியா எவ்வளவு உள்ள போகும்னு சொல்ல முடியாதுன்னாங்க" என்றாள் மகள். "தடவுறதுன்னா கையுறை போட்டுத் தடவச் சொன்னாங்க."

"கையுறை போட்டா ஒரு உணர்வு வராதும்மா."

உணர்வோடு தடவினான். காதின் நுனியில் கொஞ்சம் பட்டதும் மேனேஜர் நழுவிவிட்டார். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டான். தினமும் இதே முறை பின்பற்றப்பட்டது. அந்த வாரம் அவனுக்கு அசாத்தியப் பசி எடுத்தது. எங்கள் வீட்டில் மருந்து போன ஒரே ஜீவன் அவன்தான் என்பதையும், அவன் எடை திருப்திகரமாகக் கூடியது என்பதையும் குழு மகிழ்ச்சியுடன் குறித்துக்கொண்டது.

ஊசியைப் பற்றி டாக்டரம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "போடலாம் சார். ஆனா போட்டா போட்டதுதான். ஒத்துக்கலேன்னா திரும்ப எடுக்க முடியாது" என்றார்.

ரத்து செய்ய முடியாத ஒரு முடிவு! "அப்ப எதுதான் டாக்டர் நல்லது?"

"அது பூனையப் பொறுத்தது சார்."

தொழில்முறையில் அந்தப் பதிலுக்கு நான் தலைவணங்கினேன். நானே இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எல்லாம் பூனையைப் பொறுத்தது என்றால், சம்பந்தப்பட்டவரின் கருத்தைக் கேட்பதுதானே முறை? அடுத்த கூட்டத்துக்கு மேனேஜரை அழைத்தோம். மாத்திரை அட்டை, சிரப் புட்டி, ஜெல் குழாய் ஆகியவற்றைத் தரையில் வரிசையாக வைத்தேன். ஊசியின் சார்பில் ஒரு பேனா. மேனேஜர் ஒவ்வொன்றாக முகர்ந்தார். பிறகு எல்லாவற்றையும் தாண்டிப் போய், மூலையில் கிடந்த ஒரு சின்ன அட்டைப்பெட்டிக்குள் இறங்கிச் சுருண்டுகொண்டார்.

"ஐந்தாவது வடிவம்" என்றான் மச்சினன். நாங்கள் சிரித்தோம்.

மனைவி சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி இந்தப் பெட்டிக்குள்ள இது அடங்காதுங்க" என்றாள். "தலைய விட்டுட்டு, இடுப்பு நுழையாம முழிச்சிக்கிட்டு நிக்கும்."

இப்போது மேனேஜரைச் சுற்றி நாலு பக்கமும் இடம் இருந்தது.

அன்று மாலை அவர் மடியில் ஏறியபோது ஏறிய கனமே தெரியவில்லை. யாரோ ஒரு சால்வையை மடியில் போட்டதுபோல இருந்தது. முதுகைத் தடவினேன். எலும்புகளைத் தனித்தனியாக எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. மறுநாள் மகளும் நானும் அவரைக் கூடையில் வைத்து மருத்துவமனைக்குக் கிளம்பினோம். மடிக்கணினியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா மேனேஜரை எடைக் கருவியில் நிறுத்தினார். எண்ணைப் பார்த்தார். அட்டையில் குறித்துக்கொண்டார். இதையே தருணமாகக் கருதி, நான்கு வடிவங்களின் ஒப்பீட்டு விளக்கப்படத்தை நான்கு வண்ணங்களில் திறந்து காட்டினேன். அவர் பொறுமையாக, கடைசி வண்ணம் வரை பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். இதுல எது உள்ள போச்சு?"

"உள்ளன்னா..."

"பூனைக்குள்ள."

நான் விளக்கப்படத்தைப் பார்த்தேன். அதில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

"எங்க மாமாவுக்குள்ள போச்சு டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டரம்மா ஒரு மாத்திரையை எடுத்து, கசப்பு தெரியாமலிருக்க ஒரு குட்டிக் காலி கேப்சூலுக்குள் போட்டு மூடினார். "பிடிங்க" என்றார்.

நான் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார் என்று பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"உங்களத்தான் சார்."

பிடித்தேன். மேனேஜர் திமிறவில்லை. வழக்கம்போல முகத்தை என் தொப்பையில் புதைக்கத்தான் பார்த்தார். டாக்டரம்மா அந்த முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து, கேப்சூலை நாக்குக்குப் பின்னால் தள்ளி, தொண்டையைத் தடவி, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரைப் பீச்சினார். கொட்டாவி விடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் குழு இல்லை, மச்சினன் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். கூடைக்குள் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தீங்களா டாக்டர்" என்றேன். "இதுக்குத்தான் பயந்தேன். பூனையப் பொறுத்ததுன்னு சொல்லாம நேராவே சொல்லுங்க. அதுக்கு என்மேல வெறுப்பு வராத மாதிரி எந்த வடிவத்துல கொடுக்கறது?"

அவர் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"அப்படி ஒரு வடிவம் கிடையாது சார். தினமும் ஒரு பத்து நிமிஷம் உங்கள வெறுக்கத்தான் செய்யும். நீங்க இன்னும் ரெண்டு கூட்டம் போட்டீங்கன்னா, வெறுக்கறதுக்கு அது இருக்காது."