‘யாரு சொன்னாக’ அண்ணன் நடத்திய விசாரணை

பெரியகுளத்தில் விடிந்துவிட்டது என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்கிற ஒரே ஆள் எங்கள் எதிர்வீட்டு அண்ணன்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். பெயர் என்னவோ இருக்கிறது. தெருவுக்கு அவர் ‘யாரு சொன்னாக’.

தேனி பஸ் போய்விட்டது என்றால், “யாரு சொன்னாக?” என்று விசாரிக்கப் போய் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிடுவார். ஒரு கல்யாணத்தில், “மாப்பிள்ளை தங்கமான பையன்” என்று பூரித்த பெண்ணின் அப்பாவிடமும் அதையே கேட்டு, பந்திக்கு முன்பே வீடு திரும்பினார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் யாழினி தோசையைக் காக்காய்க்குப் போட்டுவிட்டுத் தானே தின்றதாகச் சொன்னாள். ஐந்து வயது. ‘பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது’ என்று எல்லா அம்மாக்களும் மிரட்டுவார்களே, அந்த வசனத்தை நானும் எடுத்துவிட்டேன். அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

மதியம் தட்டைத் தள்ளி, “எனக்குத்தான் கிடையாதேம்மா” என்றாள். கெஞ்சினேன். ஊட்டப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னது தப்பா, சொன்ன விதம் தப்பா? டாக்டரிடம் போனால் என்னவென்று சொல்வது?

என் முகத்தைப் பார்த்து உள்ளே வந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அத மொதல்ல யாரு சொன்னாக?”

“எங்கம்மாண்ணே.”

கம்பத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா வடுகபட்டிப் பெரியம்மாவைக் கைகாட்டினார். உடனே மொபெட் கிளம்பியது. பெரியம்மா ஒரு பூண்டு வியாபாரியைச் சொல்ல, அவர் தேனியில் மிளகுக்கடைக்காரரைச் சொல்ல, அவரோ, “மலைக்கு அங்கிட்டு மலையாளத்தாளுக யாராச்சும் சொல்லியிருப்பாக, ஆள விடுங்க” என்று கும்பிடு போட்டாராம்.

சாயங்காலம் புழுதியோடு வந்து யாழினி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“இந்தா பாரு ஆத்தா, எல்லாப் பக்கமும் விசாரிச்சாச்சு. சொன்ன ஆளு இல்ல, கையெழுத்து இல்ல, சீல் இல்ல. இந்த உத்தரவு செல்லாது.”

“அப்பச் சாப்பிடலாமா மாமா?”

“தாராளமா.”

“யாரு சொன்னாக?”

அண்ணன் என்னைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார்.

“கலெக்டரு சொன்னாக.”

யாழினி தட்டை இழுத்துக்கொண்டாள். ரசம் சோறு இரண்டு தடவை வாங்கித் தின்றாள்.

“நீங்க சாப்பிட்டீகளாண்ணே?”

“ஓ, வடுகபட்டியிலயே வயிறு முட்டச் சாப்பிட்டேன்.”

அவருடைய வாழ்க்கையில் அது இரண்டாவது பொய்யாக இருக்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய தட்டாகப் பார்த்து எடுத்து, அவர் முன்னால் வைத்தேன்.