நின்ற லிஃப்டில் சாம்பிராணி சென்ட்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது சமைத்துச் சாப்பிடத்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிழை. நெருப்பு பிறந்தது புகைக்காக. புகை பிறந்தது சாம்பிராணிக்காக. சாம்பிராணி பிறந்தது, எங்கள் மேலாளர் அதைப் பாட்டிலில் அடைத்து லிஃப்டுக்குள் தெளிப்பதற்காக.

நாங்கள் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். 'பராமரிப்பு' என்றால், லிஃப்ட் நின்றதும் வருந்துவது. அந்த வருத்தத்தைத் தொலைபேசியில் தெரிவிப்பது என் உத்தியோகம். வருந்தி வருந்தித் தொண்டை கட்டிப்போன ஒரு நாளில்தான் மேலாளர் அவசரக் கூட்டம் போட்டார்.

"லிஃப்ட் நிக்கிறது ஒரு பிரச்சினையே இல்ல. உள்ள இருக்கிறவங்க கத்துறாங்க பாருங்க, அதுதான் பிரச்சினை."

மெக்கானிக் எழுந்தார். "சார், கதவு ரோலர் எல்லாம் தேஞ்சு போச்சு. மாத்திட்டா நிக்காது."

"மாத்தினா வாசம் வருமா?"

"கிரீஸ் வாசம் வரும் சார்."

"உட்காருங்க."

உட்கார்ந்தவர் எழுந்தபோது 'நறுமண நிரப்பு அலுவலர்' ஆகியிருந்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தாமலிருக்க லிஃப்டுக்குள் தெளிக்கும் அந்தச் சாம்பிராணி சென்டின் பெயர் 'சாந்தம்'. முதல் சோதனைக்கு என் கையை நீட்டச் சொன்னார் மேலாளர். நீட்டினேன். நீட்டியே பழகிய கை.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்த என் மனைவி பதறிப்போனாள். "யாருங்க போயிட்டாங்க?"

"யாரும் போகல. சென்ட். சாம்பிராணியில செஞ்சது."

மணிக்கட்டை முகர்ந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாம்பிராணிக்கு எதுக்குங்க சாம்பிராணி?"

கூடத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த மாமனார், வாசம் பட்டதும் துள்ளி எழுந்து கைகூப்பினார். "வாங்க சாமி, உட்காருங்க."

"மாமா, நான்தான்."

"மாப்பிள்ளையா? அப்ப நானே உட்காந்துக்கிறேன்."

'வீட்டில் சில விநாடிகள் மரியாதை கூடியது' என்று மறுநாள் அறிக்கை கொடுத்தேன். ஆய்வு மாபெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

அடுத்தது செயல்விளக்கம். ஒன்பது மாடிக் குடியிருப்பு. அதன் சங்கச் செயலாளர் அம்மாவுக்கு 'இடி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் கிழிப்பதும் அவர் கையில். அவர் கைவிட்டால் அலுவலகத்தையே மூட வேண்டியதுதான்.

"சீக்கிரம் காட்டுங்க," என்றார் அவர். "எங்க அக்கா ரயில்ல வர்றா. பத்து வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல, இப்பத்தான் மனசு இறங்கி வர்றா. நான் ஸ்டேஷன்ல நிக்கலேன்னா போச்சு."

அவரும் மேலாளரும் நானும் மேல்மாடியில் லிஃப்டுக்குள் ஏறினோம். கீழே இறங்கும் வழியில், நாலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே லிஃப்ட் தன் கடமையைச் செய்தது. நின்றது.

"பார்த்தீங்களா!" என்று பூரித்தார் மேலாளர். இருமுறை தெளித்தார். செயலாளர் அம்மா தும்மினார். கண்ணை மூடினார். அதிசயம், கத்தவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கத்தியது மேலாளர்.

"ஐயோ! காத்து இல்ல! திறங்க! யாராவது திறங்களேன்!"

கதவைக் குத்தினார், உதைத்தார். நான் அவசர மணியை அழுத்தினேன். என் இடத்தில் அன்று புதிதாக உட்கார்ந்திருந்த பெண் பேசினாள்.

"வணக்கம் சார். மணம் வருதா?"

"வருதும்மா. லிஃப்ட்தான் வரல."

"மணம் வந்தா எல்லாம் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார். இன்னும் ரெண்டு தடவை தெளிங்க."

"மெக்கானிக்கை அனுப்பும்மா!" என்று மேலாளர் அலறினார்.

"அவரு பாட்டில் நிரப்பிட்டு இருக்காரு சார். அந்த வேலையில இருந்து எழுப்பக் கூடாதுன்னு மேலாளர் உத்தரவு."

"நான்தான் அந்த மேலாளர்!"

"கோபம் வந்தா எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

செயலாளர் அம்மா பாட்டிலை வாங்கி, மேலாளரின் முகத்துக்கு நேராக அழுத்தினார். "சாந்தம் சார், சாந்தம்." அழுத்திக்கொண்டே இருந்தார். நானும் தடுக்கவில்லை. கத்துகிறவர் அடங்கும்வரை தெளிக்க வேண்டும் என்பது விதிமுறை. பாட்டில் காலியானது.

எனக்கு வாழ்நாளில் வந்த ஒரே யோசனை அப்போதுதான் வந்தது. மறுபடி மணியை அழுத்தினேன்.

"அம்மா, சென்ட் தீர்ந்துபோச்சு."

"ஐயையோ! தீர்ந்துடுச்சா? பதறாதீங்க சார், இப்பவே மெக்கானிக்கை அனுப்புறேன்!"

மெக்கானிக் பறந்து வந்தார். கதவிடுக்கு வழியாகப் புதுப் பாட்டிலை நீட்டினார். செயலாளர் அம்மா பாட்டிலை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, முதல்ல கதவு."

கதவு திறந்தது. வெளியே மெக்கானிக்குக்குப் பின்னால் ஓர் அம்மாள், ஒரு கையில் பெட்டி, மறு கையில் படிக்கட்டின் கைப்பிடி, மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"ஏண்டி, ஸ்டேஷனுக்கு வர்றேன்னு சொல்லிட்டு, இங்க சாம்பிராணி போட்டுட்டா உட்காந்திருக்கே?"

"நானா அக்கா போட்டேன்? இந்த ஆளு!"

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். "எந்த ஆளு?"

பத்து வருஷப் பகை அந்த இடத்திலேயே தீர்ந்தது. சகோதரிகள் இருவரும் ஒரே குரலில், ஒரே ஆளை, அரை மணி நேரம் திட்டினார்கள். மேலாளர் ஈர முகத்துடன் கேட்டுக்கொண்டிருந்தார். 'சாந்தம்' பாட்டிலில் எழுதியிருந்த 'உறவுகளை இணைக்கும்' என்ற வாசகம் இப்படி அட்சர சுத்தமாக நிரூபணமானது.

அன்றே ஒப்பந்தம் கிழிந்தது. அந்த வாரமே மற்றக் குடியிருப்புகளும் விலகின. இப்போது எங்கள் தொலைபேசி அடிப்பதே இல்லை. 'முழு அமைதி' கண்ட சாதனைக்காக மேலாளருக்குப் பதவி உயர்வு. மற்றக் கிளைகளுக்கும் போய் அமைதி ஏற்படுத்தப் போகிறாராம். அவரைப் பாராட்டி அறிக்கை எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது. ஒரு சொல்கூட மிகைப்படுத்தாமல் எழுதியிருக்கிறேன்:

"புகார்கள் அறவே நின்றுவிட்டன. லிஃப்டுகளும் நின்றுவிட்டன. எங்கள் சம்பளமும் நின்றுவிட்டது. ஒரே பாட்டிலால் இம்மூன்றையும் நிறுத்திக் காட்டிய பெருமை முழுவதும் மேலாளரையே சேரும். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னாலும், தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம்."