தலைவி ஒச்சாயா

"சித்தப்பா, தான்சானியாவுல ஸ்ட்ரைக் நடந்துச்சா, இல்லையா?" என்று கனகலட்சுமி மறுபடியும் கேட்டாள்.

நல்லகாமன் போர்வெல் வண்டிக்காரர்களோடு தான்சானியா போய் வந்தவர்தான். ஆனால் அங்கே அவருக்குச் சமையல் வேலை. கேம்ப் கேட்டைத் தாண்டியதில்லை. திரும்பி வந்ததும் வாடிப்பட்டி டீக்கடையில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவையே அளந்துவிட்டார். அது பக்கத்து வீட்டுக் கனகலட்சுமியின் காதுக்குப் போய்விட்டது.

அவள் ஆப்பிரிக்க அரசியலை மார்க்சியத்தை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். "தத்துவம் மட்டும் பத்தாது. களத்துல நின்னு பார்த்த ஆள் வேணும்" என்று மதுரைப் பேராசிரியர் சிவபாண்டி ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார். இன்னொரு தடவை திரும்பினால் பட்டம் கிடையாது.

பிள்ளை முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல நல்லகாமனுக்கு வாய் வரவில்லை.

"நடந்துச்சு தாயி."

சொன்னதெல்லாம் உள்ளூர்ச் செங்கல் சூளைத் தகராறு. ஊரை மட்டும் மாற்றினார்.

"சூடம் ஏத்தி, ஒருத்தரும் வேலைக்குப் போறதில்லன்னு சத்தியம் பண்ணுனாங்க."

"தான்சானியாவுல சூடமா?"

"அங்கன அது ஒரு மரப்பிசின்."

"சடங்கு வழியா வர்க்க உணர்வு. இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன். தலைமை யாரு?"

அடுப்படியில் அவர் மனைவி ஒச்சாயி பாத்திரத்தை உருட்டினாள்.

"ஒச்சாயா," என்றார். "பொம்பளதான். மொதலாளியே நடுங்குவான்."

ஒச்சாயா தனி அத்தியாயமானாள். கனகலட்சுமி போட்டோ கேட்டாள். போன் வெள்ளத்தில் போச்சு என்றார். வெள்ளமும் அத்தியாயத்தில் ஏறியது. கடைசியில், தகவல் சொன்ன ஆளை நேரில் விசாரிக்கச் சிவபாண்டியே கிளம்பி வந்தார். ஆப்பிரிக்காவில் வருடக்கணக்காகக் கள ஆய்வு செய்தவர். கண்ணால் பார்க்காததை எழுதமாட்டார் என்று பெயர்.

"உண்மையச் சொல்லிருங்க," என்று ஒச்சாயி காதோரம் சொன்னாள். "எம் பேரை எதுக்கு அம்புட்டுத் தூரம் அனுப்புனீக?"

தன் மானம் போனால் போகட்டும், பிள்ளை பட்டம் போகக் கூடாதே என்று நினைத்தார் நல்லகாமன். மெல்ல எழுந்து நின்றார்.

"ஐயா, அந்த ஒச்சாயாங்கிறது வந்து..."

ஒச்சாயி நீட்டிய டீயை வாங்கிக்கொண்டே சிவபாண்டி கையமர்த்தினார்.

"தெரியும்ணே. தங்கமான பொம்பள. கடைசியாப் பேட்டி எடுத்ததே நான்தான். அடக்கத்துக்கும் போயிருந்தேன்."