தாடை இடப்பக்கம் போவது குறித்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிறேனா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. இங்கு நான் நலம், கழுத்துக்கு மேலே காதுக்குக் கீழே உள்ள பகுதி நீங்கலாக. உன் முழங்காலும் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. “நான் ஒரு மாசம் உன்கூட வந்து இருக்கட்டுமாடி?” என்று நீ கேட்டதற்கு “யோசிச்சுச் சொல்றேன்” என்றவள், அதன்பின் வாயே திறக்கவில்லை. முந்தாநாள் “தொந்தரவுன்னா விடு. இனிமே கேக்க மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன்” என்று செய்தி அனுப்பியிருந்தாய். அத்தான் போன இந்த ஒன்றரை வருஷத்தில் நீ யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆளும் இப்படி நடந்துகொண்டால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. கோபமெல்லாம் இல்லை. தாடைதான் காரணம். பேசினால் வலிக்கிறது, எழுதினால் வலிப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று நீ கேட்டபோது போனில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்ததே, நினைவிருக்கிறதா? “என்னடி சத்தம்?” என்றாய். “கதவு” என்றேன். “எண்ணெய் போடு” என்றாய். அது கதவில்லை, நான். வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் அப்படி ஒரு சத்தம் கேட்கும். அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன, நான்தான் சட்டை செய்யவில்லை: காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டில் வலி, கன்னத்தின் உள்சதையை அடிக்கடி கடித்துக்கொள்வது, எதையும் வலப்பக்கத்திலேயே போட்டு மெல்வது, கொட்டாவி விட்டால் பாதியில் ஏதோ தடுப்பது போலிருப்பது. கொட்டாவியை யாரும் ஒரு நோயாக நினைப்பார்களா? கூட்டங்களில் அது தடைபட்டது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

என் தொழில் உனக்குத் தெரியும். கடைத் தராசு முதல் மருத்துவமனை வெப்பமானி வரை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருவது. அப்படிப்பட்டவள் தன் தாடையைச் சும்மா விடுவேனா? குளியலறைக் கண்ணாடியின் உச்சியில் ஒரு நூலை ஒட்டி, கீழ்முனையில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டேன். மூக்கு நுனியும் மேல்பற்களின் நடுக்கோடும் நூலில் படும்படி நின்று, மெதுவாக வாயைத் திறந்தேன். கீழ்ப்பற்களின் நடுக்கோடு நேராக இறங்காமல், பாதி வழியில் இடப்பக்கமாக ஒதுங்கிப் போயிற்று. அளந்தேன். நான்கு மில்லிமீட்டர். பத்து முறை அளந்தேன். ஒன்பது முறை நான்கு, ஒருமுறை தும்மல்.

பல் டாக்டர் சின்னப் பெண், நல்லவள். மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னாள். எனக்கு இரண்டுதான் நுழைந்தது. “கொஞ்சம்தான் மேடம் விலகியிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல, வீட்லயே சரி பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, “தூங்கும்போது பல்லைக் கடிக்கிறீங்களா?” என்றாள். தெரியாது என்றேன். “வீட்ல யாரையாவது கேட்டுப் பாருங்க” என்றாள். வீட்டில் யாருமில்லை என்றேன். இரண்டு பேரும் சுவரிலிருந்த பல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். “அப்போ போன்ல ரெக்கார்டு பண்ணிப் பாருங்களேன்” என்றாள்.

பண்ணினேன். அடுத்த விடுமுறை நாளில் ஏழு மணி நேரப் பதிவை உட்கார்ந்து கேட்டேன். அதில் பெரும்பகுதி ஃப்ரிட்ஜ்தான். ‘கர்’ என்று ஒன்று வருகிறது. அது என் பல்லா ஃப்ரிட்ஜா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும், அணைத்தால் பால் கெட்டுவிடும். நான்காவது மணி நேரத்தில் ஒரு குரல் தெளிவாக, “சரி” என்கிறது. அவ்வளவுதான், முன்னும் பின்னும் எதுவும் இல்லை. அது என் குரல்தான். யாரிடம் எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியவில்லை. அதை மட்டும் மூன்று முறை போட்டுக் கேட்டேன்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவைதான். வெந்நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் தாடையில் வைக்க வேண்டும், கடினமானதை மெல்லக் கூடாது, கையில் முகவாயைத் தாங்கி உட்காரக் கூடாது, கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். நாக்கு நுனியை மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்துக்கொண்டு, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடிப் பழக வேண்டும். முக்கியமாக, சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் சனியன் பிடித்தது. சும்மா இருக்கிறேனா என்று பார்க்கப் போனால் அப்புறம் எங்கே சும்மா இருப்பது? “கண்ணுல படற இடத்துல எல்லாம் ஒரு சின்னப் பொட்டு ஒட்டி வைங்க, பாக்கும்போதெல்லாம் பல்லைத் தளர்த்துங்க” என்றாள் டாக்டர். எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. அலுவலக மேஜை இழுப்பறையில் பச்சை வட்டங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எடுத்து ஒட்டினேன்.

அக்கா, எங்கள் சோதனைக்கூடத்தில் பச்சை வட்டம் என்றால் ‘தேறியது’ என்று அர்த்தம். சிவப்பு என்றால் தேறவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதை நான்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அந்த நானே தொலைபேசி, கணினி, கெட்டில் என்று வரிசையாக ஒட்டிவிட்டு, சோதனைக்கு வந்து மேஜையில் கிடந்த ஒரு ரொட்டிக்கடைத் தராசையும் அடிக்கடி பார்ப்பேனே என்று அதிலும் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். கட்டி அனுப்பும் பிரிவில், ஒட்டடைக்கம்பு என்று எல்லோரும் கூப்பிடும், என்னைவிட இரண்டு வயது மூத்த மனிதர் இருக்கிறார். எட்டிப் பார்த்து, “என்ன மேடம், கெட்டில்கூட தேறிடுச்சு போல. சுவர்க் கடிகாரம் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார். நான் பல்லைத் தளர்த்திக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. அவர் தராசைக் கட்டி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து ரொட்டிக்கடைக்காரர் போன் செய்தார். “மேடம், இது முன்ன மாதிரியே தப்பாத்தான் காட்டுது, ஆனா பச்சை ஒட்டி வந்திருக்கு. அப்போ தராசு சரி, நீதான் சரியில்லைன்னு என் வீட்டுக்காரி சொல்றது நிஜமா?”

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பாதியில் தாடை பூட்டிக்கொண்டது. மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. அப்படியே நின்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “நீங்க இவ்ளோ அதிர்ச்சி ஆவீங்கன்னு நான் நினைக்கல. விடுங்க மேடம், யாருக்குத்தான் தப்பு வராது. உக்காருங்க, தண்ணி குடிங்க” என்றார். தண்ணீரை எங்கே குடிப்பது? கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். வெந்நீர்த் துணி வைத்துப் பத்து நிமிடத்தில் பூட்டு விட்டது. இப்போது அலுவலகம் முழுக்க, ரொம்ப மனசாட்சி உள்ளவள் என்று எனக்குப் பெயர். தராசு திரும்பி வந்து சிவப்பு வாங்கிக்கொண்டது.

நான் எழுத நினைத்தது இதையல்ல. எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் மட்டும் பார்த்த அளவு செல்லாது. இரண்டாவது ஆள் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் நான்கு மில்லிமீட்டரை யாரிடம் காட்டுவது? ஒட்டடைக்கம்பிடம் வாயைத் திறந்து காட்டினால் அடுத்த இருபது வருஷத்துக்கு அதைச் சொல்லியே சிரிப்பார். எதிர்வீட்டுக்காரர் எப்போதும் காதில் போனோடு இருப்பவர். தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்ததில், என் முகத்தை அரை நிமிடம் பார்க்கச் சொல்லிக் கேட்கக்கூடியவர் என்று கீழ்த்தளத்துத் தையல்காரம்மா ஒருவர்தான் மிஞ்சினார். அவருக்கும் எனக்கும் உள்ள பழக்கம், ஒருமுறை என் வெள்ளைக் கோட்டைச் சின்னதாக்கித் தந்தது மட்டும்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு விரலால் என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். “ம்… திறங்க. மெதுவா. ஆமா, இடப்பக்கம் போகுது. தோள்கூட உங்களுக்கு ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கு. கோட்டுக்கு அளவெடுக்கும்போதே பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“எங்க சொல்றது? நீங்கதான் வாயே திறக்க மாட்டீங்களே. வணக்கம்னா ஒரு தலையாட்டல், அதோட சரி. இந்தம்மாவுக்கு நம்மளப் பிடிக்கல போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

மாடிக்கு வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தை இதற்குமுன் கடைசியாகத் தொட்டது யார் என்று கணக்குப் பார்த்தேன். பல் டாக்டரைச் சேர்த்தால் ஒன்பது நாள். ஆனால் அவள் ரப்பர் உறை போட்டிருந்தாள். அவளை விட்டுவிட்டால், அத்தானைக் கொண்டுபோன அன்று நீ. உன்னைத் தேற்ற வந்தவளை நீ பிடித்துக்கொண்டு என் கன்னத்தைத் துடைத்தாய். ஒன்றரை வருஷம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ வர வேண்டாம். தாடைக்கு ஓய்வு வேண்டும், நீ வந்தால் பேச்சுதான்; பேச்சோடு நின்றாலும் பரவாயில்லை, உன்னோடு சிரிக்கவும் வேண்டியிருக்கும், அது இன்னும் அகலம். இப்படித்தான் எழுதி முடிக்க நினைத்தேன். ஆனால் உன்னிடம் தப்பான அளவு கொடுக்க மனம் வரவில்லை. நீ ஒரு மாதம் இருப்பாய். பிறகு போவாய். நீ போன மறுநாள் காலை இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். ஃப்ரிட்ஜ் சத்தம் பழகவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று. இன்னொரு தடவை முதலிலிருந்து பழக என்னால் ஆகாது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். உன்மேல் ஒரு குறையும் இல்லை.

முழங்காலுக்குத் தைலம் தடவு. மாத்திரையை மறக்காதே. சின்னவளான நான் உன்னை ஆசீர்வதிக்க முடியாது. ஆகவே நன்றாக இரு என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: நேற்று ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று ஞாயிறு. வழக்கமான பத்து மணிக்கு நீ கூப்பிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்பது தெரிந்தும் பதினொன்றரை வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே கூப்பிட்டேன்.

“என்னடி?” என்றாய்.

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“சும்மால்லாம் நீ கூப்பிட மாட்டியே.”

“நீ எப்ப வர?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அழறியாக்கா?” என்றேன். “பின்ன என்ன, இரு, மூக்கைச் சிந்திட்டு வரேன், வச்சிடாத” என்றாய். நான் வைக்கவில்லை.

ஒரு மணி பத்து நிமிடம் பேசினோம். வலி இருந்தது, போனை வைத்த பிறகும் இருந்தது. வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறாய். இந்தக் கடிதம் பூட்டிய வீட்டுக்குத்தான் போய்ச் சேரும், திரும்பிப் போனதும் படித்துக்கொள். மத்தியானம் சின்ன அறையிலிருந்த புத்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டேன், பதினேழு பெட்டி. அறை காலி. கூடத்தில்தான் இப்போது நடக்க வழியில்லை.